மாற்றுப் பாகம்

ஒரு பொருளில் உடைந்துபோனதற்குப் பதிலாகப் புதிதாக ஒன்றைச் செய்து பொருத்துகிறவன் அந்தப் பொருளுக்கு எந்த அளவு கடமைப்பட்டவன்? பொருத்தியதை யாரிடம் சொல்லக் கடமைப்பட்டவன்? இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. சிகாகோவுக்கு வெளியே ஒரு புறநகர் வீட்டின் நிலவறையில், பழைய விளையாட்டு மிஷின் ஒன்றின் முன் முழங்கால் போட்டு உட்கார்ந்து, இன்னொருவருக்கு விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தபோது வந்தது. இந்தப் பக்கங்களில் மிஷினுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். மிஷினைப் பற்றிப் பேச எனக்கு யோக்யதை அதிகமில்லை. ஆனால் விஷயம் கடைசியில் நம் வீட்டு வாசலுக்குத்தான் வருகிறது.

2023 கோடையில், சம்பளமில்லாத விடுப்பையும் சேர்த்து ஐந்து வாரம், அக்கா வீட்டில் இருந்தேன். அத்தானுக்குப் பின்பால் பைத்தியம். அவர் வாங்கிப்போட்டிருந்தது காட்லீப் கம்பெனியின் 1965 மாடல். ஒருவர் மட்டும் ஆடும் வகை. சாய்வான மரப்பலகை, மேலே கண்ணாடி மூடி, உள்ளே சுமார் எண்பது கிராம் எடையுள்ள உருக்குக் குண்டு ஒன்று. வில்லை இழுத்து விட்டால் குண்டு மேலே ஏறி, கம்பங்களிலும் குழிகளிலும் முட்டி மோதிக்கொண்டு கீழே இறங்கும். கீழே விழுந்து தொலையாமல் அதை மறுபடி மேலே அடிக்க இரண்டு சின்னத் துடுப்புகள், ஃப்ளிப்பர் என்கிறார்கள். இவ்வளவுதான் விளையாட்டு. பதினெட்டாம் நூற்றாண்டு பிரான்ஸில் மேஜையில் கோலால் தள்ளி ஆடியது, 1871இல் மான்டேக் ரெட்கிரேவ் என்பவர் சின்சினாட்டியில் வில் பொருத்திக் காப்புரிமை வாங்கியது, 1931இல் டேவிட் காட்லீப் சிகாகோவில் காசு போட்டு ஆடும் பெட்டியாக்கி ஆயிரக்கணக்கில் விற்றது என்று இதற்கு ஒரு வம்ச சரித்திரமும் உண்டு. ஃப்ளிப்பர் வந்தது 1947இல்தான். அதற்கு முன்னால் ஆடுபவன் குண்டை அனுப்பிவிட்டு வேடிக்கை பார்க்கலாம், மிஞ்சிப்போனால் பெட்டியை இலேசாக இடித்துப் பார்க்கலாம். நியூயார்க் நகரத்தில் 1942இல் இதைச் சூதாட்டம் என்று தடை செய்தார்கள். மேயர் லா கார்டியா காலத்தில் மிஷின்களைச் சம்மட்டியால் உடைத்த படங்கள் இன்றும் கிடைக்கின்றன. 1976இல் ரோஜர் ஷார்ப் என்ற இளைஞர் நகரசபைக் கமிட்டியின் முன்னால் ஆடிக்காட்டி, குண்டு எந்த வழியாகப் போகும் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பி, இதில் அதிர்ஷ்டத்தோடு திறமையும் உண்டென்று நிரூபித்த பிறகுதான் தடை நீங்கியது. ஒரு கலை தன்னை நிரூபிக்க வேண்டிய நிர்ப்பந்தம் பற்றி இதில் யோசிக்க நிறைய இருக்கிறது. அது வேறு கட்டுரை.

அத்தானின் மிஷினை அடிப்பலகையோடு தூக்கி நிறுத்தியபோது எனக்கு முதலில் ஏற்பட்டது ஒருவகை பயம். கம்ப்யூட்டர் சில்லுகள் இந்த விளையாட்டுக்குள் வந்தது 1977 வாக்கில். இது அதற்கு முந்திய ஜீவன். எல்லாமே கண்ணால் பார்க்கக்கூடிய காரியம்: துணி சுற்றிய ஒயர்கள், காயில்கள், ரிலேக்கள், ஒவ்வொரு பல்லாக நகர்ந்து எண்ணும் சக்கரங்கள். நூற்றுக்கணக்கான இடங்களில் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் நிற்கின்றன. அவற்றின் இடைவெளிதான் இந்த மிஷினின் ஞாபகம். தகடு ஒரு மயிரிழை வளைந்தால் மிஷினுக்கு ஏதோ ஒன்று மறந்துபோகிறது.

ஃப்ளிப்பர் காயிலை அத்தான் விளக்கியது இன்னும் மனதில் நிற்கிறது. அதில் இரண்டு சுற்றுகள். தடித்த கம்பிச் சுற்று அடிப்பதற்கு. மெல்லிய கம்பிச் சுற்று அடித்த பிறகு துடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பதற்கு. துடுப்பு மேலே போய் முட்டும் கணத்தில் ஒரு ஸ்விட்ச் திறந்துகொண்டு, மெல்லிய சுற்றையும் மின்சாரத்தின் பாதைக்குள் இழுத்துவிடும்; வேகம் அடங்கும். அந்த ஸ்விட்ச் திறக்காவிட்டால், ஆடுபவன் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும் வரை முழு வேகமும் காயிலில் பாய்ந்து அது புகைந்துவிடும். இவர் மிஷினில் அப்படிப் புகைந்த ஒன்று இருந்தது. புதிய காயில் கடையில் வாங்கிப் பொருத்தினார். பத்து நிமிஷ வேலை. காயிலுக்குள் உலக்கை போல ஓடும் தண்டுக்குப் பழைய மிஷின்களில் உலோகக் குழாய்தான் உறை. இப்போது நைலான் போடுகிறார்கள், வழுக்கிக்கொண்டு போகிறது. ரப்பர் வளையங்கள் மொத்தமும் மாற்றப்பட்டன. பல்புகளையும் 44ஆம் எண்ணுக்குப் பதில் சூடு குறைந்த 47ஆம் எண்ணாக மாற்றினார். பின்னால் நிற்கும் கண்ணாடியில் சித்திரம் கண்ணாடியின் முதுகுப் பக்கத்தில் தலைகீழ் வரிசையில் அச்சிடப்பட்டிருக்கிறது; பல்புச் சூட்டில் அந்த மை செதில் செதிலாக உதிரும்.

இதுவரை எனக்கு எந்த உறுத்தலும் இல்லை. ரப்பரை மாற்றுவது குறித்து உலகத்தில் யாரும் கண்ணீர் விட்டதாகத் தெரியவில்லை. செய்தவனே அது தேயும், மாற்றப்படும் என்று நினைத்துத்தான் செய்தான். ஒரு பொருளின் பாகங்கள் எல்லாமே அந்தப் பொருளோடு ஒரே மாதிரி உறவு கொண்டவை அல்ல என்பது இங்கேயே தெரிந்துவிடுகிறது. தீஸியஸின் கப்பல் என்று தத்துவப் பாடத்தில் ஓர் உதாரணம் சொல்வார்கள்: பலகை பலகையாக மாற்றிக்கொண்டே போனால் கடைசியில் அது அதே கப்பலா என்று. ஹாப்ஸ் 1655இல் இதை இன்னும் முறுக்கினார்: கழற்றிய பழைய பலகைகளைச் சேர்த்து ஒருவன் இன்னொரு கப்பல் கட்டினால் எது நிஜக் கப்பல்? எனக்கு இந்த உதாரணம் அலுத்துவிட்டது. பலகைகள் எல்லாம் ஒரே தரத்தவை என்று எடுத்துக்கொண்டால்தான் இந்தப் புதிர் ஓடும். கப்பலில் பயணம் போனவன் யாரும் அப்படி எடுத்துக்கொள்ள மாட்டான்.

உறுத்தல் ஆரம்பித்தது ஒரு தீப்பெட்டி அட்டையில். ஒரு ஸ்விட்சின் தகடுகளுக்கு அடியில் யாரோ தீப்பெட்டி அட்டையைக் கிழித்து நாலாக மடித்துச் செருகியிருந்தார்கள். இந்த மிஷின்கள் மதுக்கடைகளிலும் பந்துருட்டுக் கூடங்களிலும் கிடந்தவை. வாரம் ஒருமுறை காசை எடுத்துக்கொண்டு போக வருகிற ஆள் கையில் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றிவிட்டுப் போவான். அத்தான் அதை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுத் தகட்டை இடுக்கியால் வளைத்துச் சரி செய்தார். நான் குனிந்து அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ஏன் என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது யோசிக்கையில், அந்த அட்டை தன்னை வேறொன்றாகக் காட்டிக்கொள்ளவில்லை என்பதுதான் காரணம் என்று படுகிறது. அம்பது வருஷம் ஒரு ஸ்விட்சைத் தாங்கிக்கொண்டு தீப்பெட்டி அட்டையாகவே இருந்திருக்கிறது.

பிறகு அந்தப் ப்ளாஸ்டிக். ஃப்ளிப்பர்களுக்கு மேலே இருபுறமும் முக்கோணமாக இரண்டு தகடுகள், அடிப்பக்கத்தில் படம் அச்சிட்டவை. பல்புச் சூட்டில் வளைந்து, குண்டு பட்டு உடையும். இவர் மிஷினில் இடது பக்கத்துத் தகடு இல்லவே இல்லை. வலது பக்கத்ததைப் பிரதி எடுத்துத் திருப்பிப் போட்டுவிடலாமே என்றேன். முடியாது, இரண்டிலும் சித்திரம் வேறு. வேறு மாநிலத்தில் இதே மிஷின் வைத்திருக்கும் ஒருவர் தன் தகட்டை ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தார். அதுவும் ஒரு மூலை உடைந்தது, நிறமும் மங்கியது. ஆக, மூலையில் என்ன இருந்தது என்பது ஊகம். நிறம் என்னவாக இருந்தது என்பதும் ஊகம். அத்தான் மூன்று ராத்திரி கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து கோடு கோடாகத் திரும்ப வரைந்தார். மூலைக்கு, மற்றத் தகட்டில் வருகிற தொப்பியின் விளிம்பை எடுத்து வளைத்துப் போட்டார். நன்றாகவே பொருந்தியது. பழைய கட்டடங்கள், சின்னங்கள் பற்றி 1964இல் வெனிஸில் நிபுணர்கள் கூடி ஓர் ஆவணம் தயாரித்தார்கள். ஊகம் எங்கே தொடங்குகிறதோ அங்கே சீரமைப்பு நின்றுவிட வேண்டும் என்பதும், புதிதாகச் சேர்ப்பது முழுமையோடு இசைய வேண்டும், ஆனால் பழையது எது புதியது எது என்று பார்த்தால் தெரிய வேண்டும் என்பதும் அதன் சாரம். சிதைந்த சித்திரத்தில் விடுபட்ட இடத்தை நெருங்கிய மெல்லிய நேர்க்கோடுகளால் நிரப்பும் ஒரு முறை இத்தாலியில் உண்டு. சேஸரே பிராண்டியின் பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் படம் முழுசு. கிட்டே போனால் கோடுகள் தெரிந்துவிடும். இதைவிட நாகரிகமான ஒரு கண்டுபிடிப்பை நான் அறிந்ததில்லை.

அத்தானிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் நட்டை முடுக்கியபடி, "மாப்ளே, இது சர்ச் சுவரில்லே. இந்தத் தகடு இல்லேன்னா குண்டு எகிறி உள்ளே போய் மாட்டிக்கும். ஓட்டையை ஓட்டையாவே விட்டா கேமே இல்லை" என்றார்.

அது வாஸ்தவம். இந்தப் பதில் என்னை ரொம்ப நாள் மடக்கி வைத்திருந்தது. சித்திரத்தில் வெற்றிடம் விட்டால் சித்திரம் குறையோடு இருக்கிறது, அவ்வளவுதான். மிஷினில் வெற்றிடம் விட்டால் மிஷின் இல்லாமல் போகிறது. அது இருப்பதே ஆட்டத்தில்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் சுத்தமாக வைத்து, பாதி பாகங்களோடு "அசல்" என்று சீட்டு ஒட்டிய பின்பால் மிஷினை அசல் என்று நான் ஒப்பமாட்டேன். பொய் சொல்லாத பிணம் அது. ரஸ்கின் 1849இல் சீரமைப்பு என்பதையே பொய் என்று நிராகரித்தார். அவர் பார்த்ததெல்லாம் கதீட்ரல்கள், ஃப்ளிப்பர் அல்ல.

ஆனால் தகட்டைப் பொருத்திய மறுநாள் அத்தான் வேறொன்று செய்தார். புதுத் தகட்டின் நிறம் பக்கத்தில் இருந்த பழசுகளுக்கு நடுவே பளீரென்று அடித்தது. அதன் மேல் மஞ்சள் கலந்த வார்னிஷ் இலேசாகப் பூசினார். ஆட்ட விதிகள் அச்சிட்ட சின்ன அட்டை ஒன்று உண்டு. புதிதாக அச்சிட்டதை அக்காவின் தேயிலை டிகாக்ஷனில் முக்கி எடுத்து, ஓரத்தை விரலால் கொஞ்சம் தேய்த்து, காய வைத்தார். இரண்டு மணி நேரத்தில் அட்டைக்கு அறுபது வயது. எனக்குச் சுருக்கென்றது. தகட்டைச் செய்தது வேலை. குண்டைத் தடுப்பதற்கு அது வேண்டும். டிகாக்ஷன் எந்தக் குண்டைத் தடுக்கிறது? அது பார்ப்பவனுக்காக, அவனைக் கேள்வி கேட்கவிடாமல் செய்வதற்காகச் செய்த காரியம். பாகத்தைப் போலி செய்வது ஒன்று, காலத்தைப் போலி செய்வது இன்னொன்று என்று கொஞ்சம் சூடாகவே சொன்னேன்.

அத்தான் கோபப்படவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, "நான் தகட்டுக்குப் பின்னாலே தேதி போட்டிருக்கேன், மாப்ளே. கழட்டிப் பாக்குறவனுக்குத் தெரியும். நீ அந்த நோட்டுலே போட்டியா?" என்று கேட்டார்.

அக்கா சொல்லியிருக்க வேண்டும்.

இங்கே படிப்பவர்களில் பாதிப் பேருக்கு அவனைத் தெரியும். 2017இல் இறந்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அவன் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தபோது நனைந்த நோட்டு ஒன்றை, காய வைத்து, ஒட்டிக்கொண்ட தாள்களைப் பிரித்து, அவன் அம்மா என்னிடம் கொடுத்தார். மை கரைந்து பல இடங்களில் நீலத் திட்டுதான் மிச்சம். மூன்று கவிதைகளைப் பிரதி செய்து 2018இல் இதே பத்திரிகைக்குக் கொடுத்தேன். கொடுக்கும்போது கரைந்துபோன இடங்களை நிரப்பினேன். ஆசிரியரிடம் சொல்லவில்லை. சில சொற்களுக்கு எழுத்தின் தலையோ காலோ தெரிந்தது. அவை ஊகம் என்றாலும் ஆதாரமுள்ள ஊகம். சில இடங்களில் எதுவுமே தெரியவில்லை. அங்கே அவனுக்குப் பிடித்த சொற்களை எடுத்துப் போட்டேன். "உப்பு" என்ற சொல்லை அவன் எப்படிப் பயன்படுத்துவான் என்று எனக்குத் தெரியும், பயன்படுத்தினேன். வாக்கியத்தை வினையில் முடிக்காமல் பெயரில் தொங்கவிடும் அவனுடைய பழக்கம் எனக்கு என்றுமே உடன்பாடில்லாதது, இதே பக்கங்களில் அதைத் தாக்கி எழுதியும் இருக்கிறேன். அதையும் அப்படியே செய்தேன். இதற்குப் பெயர் டிகாக்ஷன்.

ஒரு கவிதையின் பதினான்காவது வரியைப் பாராட்டி ஒரு கடிதம் வந்தது. பெரிய வாசகர், லேசில் பாராட்டாதவர். மரணத்தை அறிந்தவன் எழுதிய வரி என்று சொல்லியிருந்தார். எழுதியவன் அன்று சாயங்காலம் கிளையில் கணக்கு நேராகாமல் எட்டு மணி வரை உட்கார்ந்துவிட்டு வந்து எழுதியவன். முதல் வருஷ நினைவு நாளுக்கு அவன் தம்பி ஓர் அட்டை அச்சிட்டான். போட்டோவுக்குக் கீழே அதே வரி, அதற்குக் கீழே அவன் பெயர்.

என் தொழிலில் இதற்கு ஒரு விதி இருக்கிறது என்பது எனக்கு எப்போதும் ஒரு கிண்டலாகப் படுகிறது. கிழிந்த நோட்டைக் கவுண்டரில் கொண்டுவந்து கொடுத்தால், ஐம்பது ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நோட்டு என்றால், கிழிபடாத மிகப்பெரிய ஒரே துண்டின் பரப்பை அளக்க வேண்டும். எண்பது சதவீதத்துக்கு மேல் இருந்தால் முழு மதிப்பு. நாற்பதிலிருந்து எண்பது வரை இருந்தால் பாதி. நாற்பதுக்குக் கீழே ஒன்றுமில்லை. இருபது ரூபாய் வரை உள்ள நோட்டுக்குப் பாதிக்கு மேல் இருந்தாலே முழு மதிப்பு. ரிஸர்வ் வங்கியின் 2018 திருத்தம் இது. ஒரு பொருள் எவ்வளவு மிஞ்சினால் அது இன்னும் அதுவே என்ற கேள்விக்குத் தத்துவவாதிகள் சொல்லத் தயங்குவதை நாங்கள் ஸ்கேல் வைத்துச் சொல்லிவிடுகிறோம். கிழிந்ததைக் கிழிந்ததாகவே கொண்டுவருகிறவனை வங்கி ஒருநாளும் குற்றவாளியாகப் பார்ப்பதில்லை. பாதியாவது தந்து அனுப்புகிறது. வேறு நோட்டிலிருந்து வெட்டிய துண்டை ஒட்டி முழுசாக்கிக் கொண்டுவருகிறவனுக்குத்தான் பணம் கிடையாது. விரலால் தடவினாலே ஒட்டு தெரிந்துவிடும். ஒட்டியவர்களின் முகத்தையும் நான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. முழுசாக இருந்தால்தான் மதிப்பு என்று நம்பியவர்கள்.

நம்முடைய பதிப்பு மரபுக்கு இது தெரியாததல்ல. 1894இல் சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தபோது 267ஆம் பாட்டும் 268ஆம் பாட்டும் கிடைக்கவில்லை. இன்றும் அந்த இரண்டு எண்களும் வெறுமையாக நிற்கின்றன. இருக்கிற பாட்டுகளிலும் ஏடு சிதைந்த இடங்களில் புள்ளி வைத்திருக்கிறது. அவருக்கு அந்தப் புள்ளிகளை நிரப்பத் தெரியாதா? நிரப்பியிருந்தால் ஒட்டு எது என்று கண்டுபிடிக்க நம்மில் யாருக்கு விரல் இருந்தது? பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் கடைசிப் பத்தும் இல்லை. பெயர் மட்டும் பத்து என்று நிற்கிறது, கணக்கு உதைக்கிறது, உதைக்கட்டும் என்று விட்டிருக்கிறார்கள். மறுபக்கம் கம்பராமாயணத்தில் பாட்டெழுதிச் சேர்த்தவர்கள் எத்தனையோ பேர். அவற்றைப் பிரித்து மிகைப்பாடல்கள் என்று கடைசியில் ஒதுக்கப் பதிப்பாசிரியர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. சேர்த்தவர்கள் கம்பனை வெறுத்துச் சேர்க்கவில்லை. நேசித்துத்தான் சேர்த்தார்கள். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

அத்தானின் நியாயத்தை எனக்கும் பொருத்திப் பார்க்கலாமா என்று இரண்டு வருஷமாக முயன்றிருக்கிறேன். கவிதையும் ஆடப்படும்போதுதான் இருக்கிறது. வாசிக்கிறவன் இல்லாமல் அது தாளில் கிடக்கும் மை. ஆகவே ஆட்டம் நின்றுவிடாமல் இருக்க நான் ஒரு தகடு பொருத்தினேன் என்று சொல்லிப் பார்த்தேன். நிற்கவில்லை. புள்ளி வைத்த புறநானூற்றுப் பாட்டைப் படிக்கும்போது குண்டு எங்கேயும் மாட்டிக்கொள்வதில்லை. வாசகன் அந்த இடத்தில் ஒரு கணம் தயங்கி, தாண்டி, மேலே போகிறான். சில சமயம் அந்தத் தயக்கமே பாட்டின் ஒரு பகுதியாகிவிடுகிறது. அத்தானுடைய தகட்டுக்கு இருந்த காரணம் என்னுடைய வரிக்கு இல்லை. வரி தேவைப்பட்டது எனக்கு. நண்பன் முழுசாகப் போனான் என்று காட்ட வேண்டியிருந்தது. இன்னும் கீழே போனால், அவன் பாணியை விமர்சனம் செய்துகொண்டிருந்தவனுக்கு அந்தப் பாணியில் தன்னாலும் முடியும் என்று யாருக்கும் தெரியாமல் நிரூபித்துப் பார்க்கும் ஆசை. இது எவ்வளவு தூரம் உண்மை என்று அளக்க என்னிடம் ஸ்கேல் இல்லை.

சொல்வதாலும் ஒருவருக்கு வலிக்கும் என்பதைச் சாக்காக வைத்து இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். போன மாதம் அவன் தம்பிக்குப் போன் செய்து சொன்னேன். வெகுநேரம் பேச்சில்லை. பிறகு, "அம்மாகிட்ட மட்டும் சொல்ல வேண்டாம்ண்ணே. அந்த அட்டையை சாமி அலமாரியிலே வச்சிருக்காங்க" என்றான். சொல்வதாக இல்லை. இந்தப் பத்திரிகையை அவர் படிப்பதில்லை. இதுவும் ஒரு டிகாக்ஷனா என்று நீங்கள் கேட்கலாம், கேளுங்கள்.

அடுத்த இதழில் கவிதைகளை வெற்றிடங்களோடு திரும்ப அச்சிட ஆசிரியர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அதுவரைக்கும், பழைய இதழை வைத்திருப்பவர்கள் பென்சிலால் குறித்துக்கொள்ள: முதல் கவிதையில் எட்டாவது வரியின் "உப்பு" என்ற சொல், பதினான்காவது வரி முழுதும், கடைசி இரண்டு வரிகளின் பின்பாதி. இரண்டாவது கவிதையில் தலைப்பும் மூன்றாவது வரியும். மூன்றாவது கவிதையில் என்னுடையது எதுவும் இல்லை. தாளின் உள்பக்கமாக மடிந்திருந்ததால் தண்ணீர் படவில்லை. அதைப் பற்றி யாரும் கடிதம் எழுதவில்லை.